எரர் லாகில் எழுதிய ஊர்: செங்கம் நடுகற்களும் ஜவ்வாது மலையும்

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்தவற்றை மட்டும் நீக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட்ல ஒரு கல், ஒரு நாய், ஒரு லேப்டாப், ஒரு தாத்தா. இந்த நாலும் எப்படி ஒரே கதைக்குள்ள வந்ததுன்னு சொல்றேன். நடுவுல கொஞ்சம் கோடிங் வரும், பயப்படாதீங்க. கணக்கே இல்லாம சொல்ல முடியும்.

போன வருஷம் நாங்க நாலு பேர் பெங்களூருவிலிருந்து ஜவ்வாது மலைக்கு பைக்ல போனோம். எல்லாரும் போற காரணம்தான்: காவலூர் வானாய்வகம். 2.34 மீட்டர் விட்டம் உள்ள பெரிய தொலைநோக்கி அங்க இருக்கு. 1986-ல அந்த ஆய்வகத்துக்கு வானியலாளர் வைணு பாப்பு பேரை வெச்சாங்க. அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு முக்கியமான காரணம் இருட்டு. சுத்துவட்டாரத்துல பெரிய நகரம் எதுவும் இல்ல, வானம் சுத்தமா தெரியும். ‘அங்க ஒண்ணும் இல்லை, அதனால நல்லது’ என்கிற அந்தப் பார்வையை மனசுல வெச்சுக்கங்க. பின்னாடி அது திரும்ப வரும்.

திரும்பி வரும்போது ஜமுனாமரத்தூர்லேர்ந்து போளூர் இறங்கி, திருவண்ணாமலை, செங்கம் வழியா வந்தோம். செங்கம் தாண்டி டீ குடிக்க நிறுத்தின இடத்துல, ரோட்டுக்குப் பக்கத்து வயல்ல ஒரு பலகைக் கல். மஞ்சள், குங்குமம், காய்ஞ்ச பூ. அதுல ஒரு ஆள் வில்லைப் பிடிச்சு நிக்கிறார். மேல வரிவரியா எழுத்து, ஆனா ஒரு எழுத்து கூட எனக்குப் படிக்க வரல. டீக்கடை அக்காகிட்ட கேட்டேன். “அது வேடியப்பன் தம்பி, எங்க குலசாமி” என்றார். “எழுத்துல என்னக்கா இருக்கு?” “சாமிக்கு எதுக்குத் தம்பி எழுத்து?”

வீட்டுக்கு வந்து தேடினப்பதான் தெரிஞ்சது. அது நடுகல். அந்த எழுத்து வட்டெழுத்து. மொழி நம்ம தமிழ்தான்.

ஆயிரத்து நானூறு வருஷப் பழைய லாக் ஃபைல்

செங்கம் வட்டாரம் தமிழ்நாட்டு நடுகற்களுக்கு ஒரு புதையல். மேற்கிலும் வடக்கிலும் ஜவ்வாது மலை, ஊரை ஒட்டிச் செய்யாறு. அந்த ஆறு பிறக்கிறதே ஜவ்வாது மலையிலதான். 1970-களின் தொடக்கத்துல தமிழ்நாடு தொல்லியல் துறை இந்தக் கற்களைத் தேடிப் படி எடுத்தது. இரா. நாகசாமி பதிப்பாசிரியரா இருந்து 1972-ல ‘செங்கம் நடுகற்கள்’ புத்தகம் வந்தது. சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் பேர் எல்லாம் அந்தக் கற்கள்ல வருது. நமக்கு மகேந்திரவர்மன்னா மாமண்டூர், மண்டகப்பட்டு குடைவரைக் கோயில்கள் ஞாபகம் வரும். அதே ராஜாவோட ஆட்சியில ஒரு மாட்டுக்காரர் செத்ததையும் ஒரு கல் சொல்லுது.

இந்தக் கற்களோட வாசகங்களை வரிசையா வாசிச்சா, என் வேலை பாக்கிற மூளைக்கு முதல்ல தோணினது: அட, இது லாக் ஃபைல்!

சர்வர்ல ஒரு பிரச்சனை வந்தா ஒரு வரி பதிவாகும்ல: எப்போ, எங்க, என்ன நடந்தது, யாரு, முடிவு என்ன. நடுகல் அப்படியே அந்த ஃபார்மட்ல இருக்கும். முதல்ல மன்னனோட ஆட்சியாண்டு, அதுதான் டைம்ஸ்டாம்ப். அப்புறம் அந்தப் பகுதியை ஆண்ட தலைவன் பேர். வாணகோ அரைசர் மாதிரி வாணர் குலத் தலைவர்கள் நிறைய வர்றாங்க. அப்புறம் நிகழ்வு: இன்ன ஊர்த் ‘தொறு’ கொள்ளப்பட்டது. தொறுன்னா மாட்டு மந்தை. அப்புறம் ஆள் பேர். கடைசியில ஒரே சொல்: ‘பட்டான்’. செத்துட்டான்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது செங்கம் பக்கத்துல எடுத்தனூர்ல கிடைச்ச கல். மகேந்திரவர்மனோட 34-ஆவது ஆட்சியாண்டு. கருந்தேவக்கத்தி என்ற வீரர் இறந்தார். அவரோட நாய் கோவிவன், ரெண்டு கள்ளர்களைக் கடிச்சுட்டு அங்கேயே காவல் நின்றது. கல்லுல அந்த வீரருக்குப் பக்கத்துல நாயும் இருக்கு. ஏழாம் நூற்றாண்டு நாய் ஒண்ணுக்கு இன்னைக்கும் நமக்குப் பேர் தெரியுது பாருங்க.

ஏன் இவ்வளவு மாட்டுச் சண்டை? பழைய தமிழ்ல ‘மாடு’ங்கிற சொல்லுக்கே செல்வம்னு ஒரு பொருள் உண்டு. நிலத்தைத் தூக்கிட்டுப் போக முடியாது. நெல் மூட்டையை ராத்திரி தோள்ல வெச்சு மலை ஏற முடியாது. மாடு தானே நடந்து வரும்! கொள்ளையடிக்க இதைவிட வசதியான சொத்து கிடையாது. தொல்காப்பியம் இதுக்குத் திணையே வெச்சிருக்கு: மாட்டைக் கவர்றது வெட்சி. மாட்டை மீட்கிற கரந்தையும் அந்த வெட்சிக்குள்ளயே வருது.

இன்னொரு விஷயம். பல கற்கள்ல சண்டை பல்லவருக்கும் இன்னொரு பேரரசருக்கும் நடுவுல இல்லை. பக்கத்துப் பக்கத்து ஊர்கள், பக்கத்துப் பக்கத்துச் சிற்றரசர்கள் நடுவுல. பல்லவ ராஜா அங்க பெரும்பாலும் ஒரு காலண்டர் மாதிரிதான் வர்றார். அப்படின்னா என் கேள்வி இதுதான்: மேலேர்ந்து யாரும் வந்து ஒழுங்குபடுத்தாம, இந்த ஊர்கள் தங்களுக்குள்ளேயே அடிச்சுக்கிட்டு, சேர்ந்துக்கிட்டு, எப்படி ஒரு நாடா, ஒரு ஆட்சியா அமைஞ்சது?

காசு, சோளம், திறை

இந்த மாதிரி கேள்வியைக் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்கிறது புதுசு இல்லை. மூணு பேரை மட்டும் சொல்றேன்.

முதல்ல தாமஸ் ஷெல்லிங். 1971-ல அவர் ஒரு மாடலை வெளியிட்டார். சதுரங்கப் பலகை மாதிரி கட்டம், ரெண்டு வகைக் காசு. ஒவ்வொரு காசுக்கும் ஒரு சின்ன ஆசைதான்: என் பக்கத்துல இருக்கிறதுல மூணுல ஒரு பங்காவது என் வகையா இருக்கணும். இல்லைன்னா இடம் மாறுவேன். எந்தக் காசும் மத்த வகையை வெறுக்கல. ஆனா கொஞ்ச நேரத்துல பலகை முழுக்க ரெண்டு வகையும் தனித்தனிக் கூட்டமா பிரிஞ்சிடும். ‘வெஜ் ஒன்லி’ன்னு போட்ட வாடகை விளம்பரங்களைப் பார்த்துட்டு வீடு தேடினவங்களுக்கு இது உடனே புரியும். யாருமே திட்டம் போடாம ஒரு ஊர் பிரியும்.

ரெண்டாவது ராபர்ட் ஆக்செல்ராட். 1995-ல அவர் செய்த மாடலுக்குத் தமிழ்ல அழகான பேர் இருக்கு: திறை மாடல். வட்டமா பத்துப் பேர். ஒருத்தன் பக்கத்துக்காரனைக் கேப்பான்: திறை கட்டுறியா, சண்டை போடுறியா? கட்டினா ரெண்டு பேருக்கும் நடுவுல பிணைப்பு கூடும், அடுத்த சண்டையில சேர்ந்து நிப்பாங்க. சண்டை போட்டா ரெண்டு பேருக்கும் நஷ்டம், பிணைப்பும் குறையும். இவ்வளவுதான் விதி. ஆனா வருஷங்கள் ஓட ஓட, ஒரு பலசாலியைச் சுத்திக் கூட்டம் சேர்ந்து, அது ஒரே ஆள் மாதிரி நடக்க ஆரம்பிக்கும். அரசுன்னு விதியில எங்கேயும் எழுதல. அது தானா முளைக்குது.

மூணாவது என் ஃபேவரிட். அமெரிக்காவுல அரிசோனா மாநிலத்துல லாங் ஹவுஸ் பள்ளத்தாக்கு. அங்க வாழ்ந்த பழங்குடிகளை ஆய்வாளர்கள் அனசாசின்னு குறிப்பிட்டாங்க. ராபர்ட் ஆக்ஸ்டெல், ஜோஷுவா எப்ஸ்டீன் முதலானவங்க அந்தப் பள்ளத்தாக்கைக் கம்ப்யூட்டருக்குள்ள கட்டினாங்க. கி.பி. 800-லேர்ந்து 1350 வரை. மர வளையங்கள்லேர்ந்து பழைய காலத்து ஈரம், வறட்சி. அதை வெச்சு எந்த நிலத்துல எவ்வளவு சோளம் விளையும்னு கணக்கு. ஒவ்வொரு குடும்பமும் ஒரு ஏஜென்ட். சாப்பாடு போதலைன்னா இடம் மாறும். ஓடவிட்டுப் பார்த்தா, அகழாய்வுல கிடைச்ச மக்கள்தொகை ஏற்ற இறக்கம் கிட்டத்தட்ட அப்படியே வந்தது.

கடைசியைத் தவிர! 1300 வாக்குல நிஜ மக்கள் எல்லாருமே அந்த இடத்தைவிட்டுப் போயிட்டாங்க. மாடல் சொல்லுது: இல்லையே, கொஞ்சம் பேராவது இருந்திருக்கலாமே, சாப்பாடு இருக்கே. அந்த இடைவெளிதான் அந்த ஆராய்ச்சியிலேயே எனக்குப் பெரிய விஷயம். மழையும் சோளமும் மட்டும் அந்த மக்கள் போனதுக்குப் பதில் சொல்லாது. மாடல் சரியா வந்த இடத்தைவிடத் தப்பா போன இடம் நமக்கு அதிகம் சொல்லிக்கொடுக்குது.

என் செங்கம்

சரி, நானும் ஒண்ணு செய்யலாம்னு ஆரம்பிச்சேன். வார இறுதிகள்ல, பைத்தான்ல. இது ஆராய்ச்சி இல்லைங்க, ஒரு பொம்மை. அதைத் தெளிவா சொல்லிடறேன்.

கட்டம் போட்ட பலகை. ஒரு பக்கம் சமவெளி, ஒரு பக்கம் மலை. ஒவ்வொரு ஊருக்கும் மூணு எண்: மாடு, தானியம், ஆள். ஒவ்வொரு வருஷமும் மழை ஏறி இறங்கும். சமவெளியில விளைச்சல் அதிகம், மலையில குறைவு. தானியம் போதலைன்னா பக்கத்து ஊர் மாட்டை எடு. எடுக்கப் போனா ஆள் சாகலாம். இதுக்கு மேல ஆக்செல்ராடோட திறை விதி: பலசாலிக்குக் கட்டினா அவன் காப்பான். யாராவது செத்தா அந்தக் கட்டத்துல ஒரு கல். ஆமா, நடுகல் எண்ணுறதுக்கு ஒரு கவுன்ட்டர்.

ஓட்டினேன். முதல்ல கண்டபடி மாட்டுக் கொள்ளை. எங்க பார்த்தாலும் கல். கொஞ்ச நேரத்துல ஒரு சில ஊர்களைச் சுத்தித் திறை வலை. அந்த வலைக்குள்ள கொள்ளை குறையும், எல்லையில மட்டும் கூடும். அப்புறம் சமவெளியில ஏரி வெட்டலாம்னு ஒரு விதி சேர்த்தேன். ஏரி வெட்டினா விளைச்சல் கூடும், ஆனா அதை விட்டுட்டுப் போக முடியாது. உடனே சமவெளி செட்டில் ஆச்சு. கல் குறைஞ்சது. நிஜத்துலயும் சோழர் காலத்துக்கு வரும்போது நடுகல் குறையுது, கோயில் சுவர்ல கல்வெட்டு கூடுது. ஏரி, நிலம், வரி, தானம்னு பேச்சு மாறுது. நான் நாற்காலியிலேர்ந்து எழுந்து கை தட்டிட்டேன். ஆயிரம் வருஷ வரலாறு இருநூறு வரிக் கோடுல!

அந்தப் பலகையில மலை என்ன ஆச்சுன்னு அப்ப நான் கவனிக்கவே இல்லை. மலைக் கட்டத்துல விளைச்சல் கம்மி. அதனால அங்க இருந்த ஊர்களுக்கு என் விதிப்படி ரெண்டே வழி: கீழ இறங்கிக் கொள்ளையடி, இல்லைன்னா அழிஞ்சு போ. ஏரி வந்ததுக்கு அப்புறம் மலை முழுக்கக் காலி. இன்னொன்னும் சொல்லணும். கோடுல மலை ஊர்களுக்கு நான் வெச்சிருந்த பேர் ‘கொள்ளையர்’. சும்மா, டைப் பண்ண ஈஸின்னு.

தாத்தா கேட்டது

என்கூட இன்ஜினியரிங் படிச்ச ஒருத்தன் ஜமுனாமரத்தூர் பக்கத்து மலைக் கிராமம். மலையாளி பழங்குடி. கேரளாவுக்கும் இந்தப் பேருக்கும் சம்பந்தம் இல்லை. மலையை ஆளுறவங்க, மலையில வாழுறவங்கன்னு அர்த்தம். அவனுக்குக் காட்டலாம்னு லேப்டாப்பைத் தூக்கிட்டு அவன் ஊருக்கே போனேன். திண்ணையில உக்காந்து ஓட்டிக் காட்டினேன். அவன் தாத்தாவும் பக்கத்துல வந்து உக்காந்தார். சமவெளிக் கட்டம் பச்சை, மலைக் கட்டம் சிவப்பு. சிவப்பு ஒவ்வொண்ணா அணைஞ்சு போச்சு.

தாத்தா கொஞ்ச நேரம் பார்த்தார். “செவப்பு யாரு தம்பி?”

“மலையில இருக்கிறவங்க தாத்தா.”

“எங்க போனாங்க?”

“மலையில சாப்பாடு பத்தலை தாத்தா. கீழ இருக்கிறவங்க மாட்டை எடுக்கப் போயி… முடிஞ்சுட்டாங்க.”

என் ஃப்ரெண்டு சிரிச்சான். தாத்தா சிரிக்கல. “கீழ இருக்கிறவன் எங்க மாட்ட ஓட்டிட்டுப் போனா, அதுக்கு எவன் கல்லு நட்டான்?”

எனக்குப் பதில் இல்லை.

அவர் விடல. “நாங்க மேலேர்ந்து கீழ போனவங்க இல்ல தம்பி. காஞ்சிபுரத்துலேர்ந்து மேல ஏறி வந்தவங்க. எங்க பெரியவங்க அப்படித்தான் சொல்லிட்டு வந்தாங்க. உன் பொட்டியில எல்லாம் கீழயே எறங்குது.”

அந்த ரெண்டு வாக்கியம் என் மாடலோட ரெண்டு அஸ்திவாரத்தையும் ஆட்டிடுச்சு.

முதல் கேள்வி டேட்டா பத்தி. நடுகல் ஒரு லாக் ஃபைல்னு சொன்னேன்ல? அது எரர் லாக். யாராவது செத்தா மட்டும் பதிவாகும். மாடு மேய்ச்சு, பால் கறந்து, சந்தைக்குப் போயி, கல்யாணம் கட்டி அமைதியா போன வருஷம் ஒரு வரி கூட எழுதாது. அதுவும் கல் வெட்ட ஆள், எழுத ஆள், நினைவு வெச்சுக் கும்பிட ஊர் இருந்தவங்களுக்கு மட்டும்தான் பதிவு. எரர் லாகை மட்டும் படிச்சுட்டு ஒரு ஆப் எப்படின்னு சொன்னா, அது எப்பவும் உடைஞ்சே கிடக்குதுன்னுதான் சொல்லுவோம்.

ரெண்டாவது திசை பத்தி. காஞ்சிபுரத்துலேர்ந்து வந்ததா சொல்ற கதை கொல்லிமலை, சேர்வராயன் மலை மலையாளிகள்கிட்டயும் உண்டு. அது வாய்மொழி மரபு. அதுல இத்தனாவது வருஷம்னு தேதி போட முடியாது. நடுகல் காலத்துல மலையில இருந்தவங்களும் இன்னைக்கு இருக்கிறவங்களும் ஒரே வம்சம்னும் நான் சொல்ல வரல. ஆனா சமவெளியிலேர்ந்து மலைக்கு மனுஷங்க விரும்பியே ஏறியிருக்கலாம்ங்கிற சாத்தியமே என் கோடுல இல்லை. ஜேம்ஸ் ஸ்காட் 2009-ல எழுதின புத்தகம் ஒண்ணு தென்கிழக்கு ஆசிய மலை மக்களைப் பத்தி இதைத்தான் சொல்லுது: மலையில இருக்கிறவங்க பின்தங்கிப் போனவங்க இல்லை, வரி, கட்டாய உழைப்பு, படைக்கு ஆள் பிடிக்கிறதுன்னு சமவெளி அரசு பண்ணினதுலேர்ந்து விலகிப் போனவங்க. அவர் வாதத்தை மறுக்கிற ஆய்வாளர்களும் இருக்காங்க. ஆனா கேள்வி நல்ல கேள்வி.

இன்னொரு பதிவு

எரர் லாக் மட்டும் போதாதுன்னா இதே மண்ணுக்கு வேற பதிவு இருக்கா? இருக்கு. ஸ்கூல்ல பேர் மட்டும் மனப்பாடம் பண்ணி மறந்த ஒண்ணு: மலைபடுகடாம்.

பத்துப்பாட்டுல கடைசிப் பாட்டு. 583 அடி. எழுதினவர் பெருங்கௌசிகனார். பாட்டோட தலைவன் நன்னன் சேய் நன்னன், அவன் ஊர் செங்கண்மா, அதாவது நம்ம செங்கம். அவனோட நவிரமலையைப் பர்வதமலைன்னு அடையாளம் சொல்றாங்க. சேயாறும் வருது. வடிவத்துல அது ஆற்றுப்படை: பரிசு வாங்கிட்டு வந்த ஒரு கலைஞர், எதிர்ல வர்ற கலைஞர் கூட்டத்துக்கு வழி சொல்றார். சங்க காலத்து கூகுள் மேப்ஸ்னு சொன்னா தப்பில்லை.

அந்த மேப்ல ஆபத்தும் இருக்கு. காட்டுப்பன்றிக்கு வெட்டின பொறி, தினைப்புனக் காவலர் வீசுற கவண் கல், பாம்பு, வழுக்குப் பாறை, எல்லாத்துக்கும் எச்சரிக்கை. வழியில நடுகற்கள் இருக்கும், அங்க யாழ் வாசிச்சு வணங்கிட்டுப் போங்கன்னு கூட வருது. ஆனா பாட்டுல அதிகம் வர்றது சாப்பாடு. மலையில இருக்கிற குடியிருப்புக்குப் போங்க, தினைச் சோறும் இறைச்சியும் கிடைக்கும். மாடு மேய்க்கிற கோவலர்கிட்ட போங்க, பால் கிடைக்கும். கீழ வயல்காட்டுக்குப் போனா நெல்லுச் சோறும் மீனும். ஒவ்வொரு நிலத்துலயும் ராத்திரி தங்க இடம். அதாவது மலையும் சமவெளியும் கொள்ளையால மட்டும் இணைஞ்சிருக்கல. விருந்தாலயும் பண்டமாற்றாலயும் இணைஞ்சிருந்தது.

பாட்டுல மிகை இருக்காதான்னு கேப்பீங்க. இருக்கும். புரவலனைப் புகழ எழுதினதுதானே! ஆனா நடுகல்லும் ஒரு வகையில புகழ எழுதினதுதான். ஒரு பதிவு சாவை மட்டும் எழுதுது, இன்னொண்ணு சோத்தை எழுதுது. ரெண்டையும் சேர்த்து வெச்சுப் பாக்காம நான் மாடல் போட்டது என் தப்பு.

மறுபடி உக்காந்தேன். மூணு விதி மாத்தினேன். ஒண்ணு, மலையில விளைச்சல் குறைவு, ஆனா அடியோட பொய்க்காது. ஜவ்வாது மலையோட அடையாளமே சாமை. மெலிசான மண்ணு, சரிவு, குறைஞ்ச மழை, எல்லாத்தையும் அது தாங்கும். ரெண்டு, நல்ல வருஷத்துல மிஞ்சின தானியத்தைப் பக்கத்து ஊருக்குக் கொடுக்கலாம், கெட்ட வருஷத்துல திரும்பக் கேக்கலாம். மூணு, திறை ரொம்ப அதிகமானா ஊரை விட்டு எந்தப் பக்கமும் நகரலாம், மேலயும்.

இந்தத் தடவை மலை காலி ஆகல. சமவெளியில திறை வலை இறுக இறுக, ஓரத்துல இருந்த சில ஊர்கள் மேல ஏறிச்சு. கொடுத்து வாங்குற ஊர்கள் மலையடிவாரத்துல ஒரு நூல் மாதிரி நின்னுது. இதனால வரலாறு இப்படித்தான் நடந்துச்சுன்னு நிரூபணம் ஆகிடாது. விதியை நான்தான் மாத்தினேன், விடை அதுக்கேத்த மாதிரி மாறிச்சு. அதுல எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான்: முதல் தடவை மலையைக் காலி பண்ணினது மழையோ மண்ணோ இல்லை. நான் எழுதிவெச்ச விதி.

ஏஜென்ட் என்கிற சொல்

இதை ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டா விட்டுடலாம். விட முடியாததுக்குக் காரணம் இருக்கு. ஜவ்வாது மலை விஷயத்துல இதே மாதிரி விதிகளை நிஜமாவே எழுதினவங்க உண்டு.

சந்தன மரத்தை எடுத்துக்கங்க. ஒரு காலத்துல இந்த மலை சந்தனத்துக்குப் பேர் போனது. அடிவாரத்துல திருப்பத்தூர்ல அரசு சந்தனக் கிடங்கு இருக்கு. ஆனா நம்ம ஊர்ச் சட்டத்துல ரொம்ப காலத்துக்கு ஒரு விதி இருந்தது: சந்தன மரம் உன் பட்டா நிலத்துலயே முளைச்சாலும் அது அரசாங்கத்துடையது. தமிழ்நாட்டுல 2002-ல கொண்டுவந்த திருத்தத்துக்கு அப்புறம்தான் நிலத்துக்காரருக்கு மரத்து மேல உரிமை வந்தது.

இப்ப இதை ஒரு மாடலா யோசிங்க. உங்க நிலத்துல ஒரு சந்தனக் கன்னு முளைக்குது. வைரம் பாய, அதாவது வாசனையுள்ள உள்மரம் உருவாக, பல வருஷம் ஆகும். அது வரைக்கும் காவல் உங்களுது. திருடு போனா விசாரணை உங்க வீட்டுக்கு. லாபம் உங்களுது இல்லை. நீங்க என்ன பண்ணுவீங்க? கன்னா இருக்கும்போதே பிடுங்கிப் போடுவீங்க. யாரும் திட்டம் போடல, யாரும் சந்தனத்தை வெறுக்கல. ஷெல்லிங் காசு மாதிரிதான். ஒவ்வொருத்தரோட சின்ன முடிவு சேர்ந்து மரமே அருகிப்போச்சு. 1998-லேர்ந்து உலக அளவுல சந்தனம் அழியக்கூடிய நிலையில இருக்கிற இனங்களோட பட்டியல்ல இருக்கு. நோயும் கடத்தலும் சேர்ந்துதான் இது நடந்தது. ஆனா மரத்தை வளர்க்கிறவனுக்கு எதுவும் தராத அந்த விதிக்கும் இதுல பங்கு உண்டு.

மரம் போச்சு. மரம் வெட்டத் தெரிஞ்ச கை போகல. மலையில வேலை இல்லை. வடக்கே ஆந்திரத்துல சேஷாசலம் காடு, அங்க செம்மரம். உலகத்துலயே கிழக்குத் தொடர்ச்சி மலையோட அந்தத் தென்பகுதியிலதான் அது இயற்கையா வளருது. வெளிநாட்டுல, முக்கியமா சீனாவுல, அதுக்குப் பெரிய விலை. அந்த விலைக்கும் மலைக் கிராமத்துக்கும் நடுவுல ஒரு சங்கிலி. அந்தச் சங்கிலியோட கடைசிக் கண்ணியா ஊருக்குள்ள வந்து முன்பணம் கொடுத்து ஆள் சேர்க்கிறவருக்கு இங்க என்ன பேர் தெரியுமா? ஏஜென்ட். நான் கோடுல போட்ட அதே சொல். என் கோடுல ஏஜென்ட்னா தானா முடிவெடுக்கிறவன். அந்த மலையில ஏஜென்ட்னா உனக்கு முடிவெடுக்க இடம் வைக்காதவன்.

2015 ஏப்ரல் 7. சேஷாசலம் காட்டுல ஆந்திரக் காவல்துறையோட சிறப்புப் படை சுட்டு 20 பேர் செத்தாங்க. திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துக்காரங்கதான் அதிகம். ஜவ்வாது மலையைச் சேர்ந்தவங்களும் இருந்தாங்க. தற்காப்புக்காகச் சுட்டோம்னு காவல்துறை சொல்லிச்சு. போலி மோதல்னு மனித உரிமை அமைப்புகள் சொன்னாங்க. அப்ப நான் காலேஜ்ல இருந்தேன். ஹாஸ்டல்ல டிவியில ‘செம்மரக் கடத்தல்காரர்கள் 20 பேர்’னு ஓடிச்சு. நானும் பார்த்துட்டு சாப்பிடப் போயிட்டேன். என் ஃப்ரெண்டு அன்னைக்கு ராத்திரி சாப்பிட வரல. ஏன்னு நான் கேக்கவே இல்லை.

திண்ணையில தாத்தாகிட்ட பேசினதுக்கு அப்புறம்தான் அவன்கிட்ட கேட்டேன், இத்தனை வருஷம் கழிச்சு. “அன்னைக்கு ஊருக்கு ஃபோன் போட்டுட்டே இருந்தேன்டா. லைன் கிடைக்கல. லிஸ்ட்ல யார் பேர் வருதுன்னு தெரியல” என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

என் கோடுல மலை ஊர்களுக்கு நான் வெச்ச பேரும், அன்னைக்கு டிவியில ஓடின பேரும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

கடைசியா

சமூகம் தானா எப்படி அமையுதுன்னு மாடல் போடுறது வீண் வேலைன்னு நான் சொல்ல மாட்டேன். எனக்கு அது ரொம்பப் பிடிச்ச வேலை. ஆக்செல்ராடோட பத்துப் பேர் வட்டம் இல்லைன்னா, நடுகல்லுல ராஜா ஏன் காலண்டர் மாதிரி மட்டும் வர்றார்னு எனக்கு யோசிக்கவே தோணியிருக்காது. ஆனா ‘தானா அமையுது’ன்னு சொல்றதுக்கு முன்னாடி மூணு கேள்வியை இப்ப என் கோடுக்கு மேல கமென்ட்டா எழுதி வெச்சிருக்கேன். இந்தப் பதிவை எழுதினது யாரு? எழுத முடியாம போனது யாரு? இந்த விதி இயற்கையோட விதியா, யாரோ போட்ட விதியா?

‘கொள்ளையர்’ங்கிற பேரை மாத்திட்டேன். இப்ப அது வெறும் ‘மலை_ஊர்’. சின்ன மாற்றம்தான், ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ், ரெண்டு செகண்ட். போன மாசம் தாத்தாகிட்ட மறுபடி காட்டினேன். சிவப்பு அணையாம இருந்ததைப் பார்த்துட்டு, “சாமை போட்டியா?” என்றார். போட்டேன் தாத்தான்னேன். “அப்ப சரி”ன்னுட்டு மாட்டைக் கட்டப் போயிட்டார்.

செங்கம் பக்கம் போறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். நடுகல்லைப் பார்த்தா போட்டோ எடுங்க, கும்பிடுங்க. எழுத்து தெளிவா தெரியணும்னு சுண்ணாம்போ சாக்பீஸோ பூசாதீங்க, கம்பி வெச்சுச் சுரண்டாதீங்க. ஊர்க்காரங்களுக்கு அது சாமி, முதல்ல அவங்ககிட்ட கேளுங்க. அப்படியே மலைக்கும் ஏறுங்க. காவலூர்ல நட்சத்திரம் பாருங்க. கீழ இருட்டா தெரியுற இடத்துல ஆளுங்க இருக்காங்கன்னு ஞாபகம் வெச்சுக்கங்க.

அடுத்த எபிசோட்ல பாப்போம்.